தண்ணிக்கு முன்னால சொரண்டி

எண்ணெய் பிடித்த தரையைக் கழுவச் சொன்னால் கடைப் பையன்கள் முதலில் ஓடுவது தண்ணீர்க் குழாய்க்குத்தான். "தம்பி, கொழாய வை. சொரண்டிய எடு" என்று நான் சொல்லாத நாள் குறைவு. இலங்கை மலையகத்தில், எங்கள் மஸ்கெலியாப் பக்கத்துக் குளிரில் எண்ணெய்த் தரைமேல் எடுத்த எடுப்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வேலை இரட்டிப்பாகும். எண்ணெய் போகாது. பரவும், பரவின இடத்திலேயே உறையும்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் உறையத் தொடங்கிவிடும். கொழும்பில் அந்தக் கவலையே கிடையாது. சின்ன வயதில் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். கடை மூடியதும் சவர்க்காரத் தூளைத் தூவி, தண்ணீர் அடித்து, தும்புத்தடியால் தேய்த்து வெளியே தள்ளினால் முடிந்தது. அங்கே எண்ணெய் எந்நேரமும் எண்ணெயாகவே இருக்கும். எங்கள் மலைப்பக்கம் அப்படி இல்லை. ஹற்றன் 1,271 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். போத்தலுக்குள் இருக்கிற எண்ணெயே விடியும்போது வெள்ளைக் கட்டியாகக் கிடக்கிற ஊரில், தரையில் சிந்தினது மட்டும் ஓடுமா? மாட்டுக் கொழுப்பு அதைவிட இறுகும். கொத்து ரொட்டி போடுகிற கல்லுக்கு முன்னால் ஆள் நிற்கிற இடத்தைக் குனிந்து பாருங்கள். எண்ணெய், மாவு, முட்டை, செருப்போடு வந்த மண் எல்லாம் ஒன்றாகக் குழைந்து அடையாக ஒட்டியிருக்கும்.

அதற்காகக் குளிரைத் திட்ட வேண்டியதில்லை. உறைந்த எண்ணெய்தான் சுரண்டுவதற்கு வசதி. கொழும்புத் தரையில் சொரண்டியைப் போட்டால் எண்ணெய் இழுபட்டு இன்னும் நாலு அடிக்குப் பூசும். இங்கே விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் போட்டால், தேங்காய்ச் சீவல் மாதிரிச் சுருண்டு வரும். அடுப்பு எரியத் தொடங்கிக் கொஞ்ச நேரம் போனால் தரையும் இளகிவிடும், பிறகு அந்தச் சுகம் இல்லை. ஆகவே தடித்த அழுக்குக்கு விடியற்காலை, காய்ந்த தரை, சொரண்டி. அன்றாடம் படிகிற மெல்லிய பிசுக்குக்கு இரவு, சுடுதண்ணீர், பிரஷ். இந்த இரண்டையும் மாற்றிச் செய்கிற கடைகளில்தான் தரை எப்போதும் வழுக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொரண்டி என்றதும் புல்லுச் சுரண்டுகிறதுதான் ஞாபகத்துக்கு வரும். அதைக் கொண்டுவந்து சமையல்கட்டில் போடாதீர்கள். அது மண்ணுக்கு வந்த சாமான், தரையைக் கோடு கோடாகக் கிழித்துவிடும். கிழிந்த கோட்டுக்குள் எண்ணெய் குடியேறினால் பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. ஹாட்வெயார் கடையில் பெயின்ட் சுரண்ட விற்கிற மெல்லிய தகடு டைல்ஸ் தரைக்குப் பரவாயில்லை. சீமெந்துத் தரையில் அமுக்கினால் வளைந்துகொடுக்கும்.

நான் வைத்திருப்பது தச்சர் கழித்துப்போட்ட கைவாளின் தகடு. வாள் தகட்டுக்கு வளைந்தாலும் நிமிருகிற குணம் உண்டு, அதுதான் வேண்டும். நாலு அங்குல அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பல் இருந்த விளிம்பை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஆறு, ஏழு அங்குலத்துக்குப் போகிறவர்கள் உண்டு. கையின் பலம் அவ்வளவு அகலத்துக்கும் பிரிந்துபோய், அலகு அடைக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடிக்குக் கொய்யாக் கம்பு நல்லது. கம்பின் நுனியைப் பிளந்து, தகட்டைச் செருகி, இரண்டு துளை போட்டு போல்ட் முடுக்குங்கள். வெல்டிங் கடைக்காரர் "ஒரு நிமிஷ வேல, ஒட்டித் தர்றேன்" என்பார். வேண்டாம். அந்தச் சூட்டில் தகட்டின் பதம் கெட்டுவிடும், பிறகு வளைந்தால் வளைந்ததுதான்.

இரண்டு செய்துகொள்வது உத்தமம். ஒன்று ஒரு அடிக் கைப்பிடியோடு, அடுப்புக்கு அடியிலும் மூலையிலும் குந்தியிருந்து சுரண்ட. மற்றது நெஞ்சளவு கம்போடு, நின்றுகொண்டே தள்ள. கொழுந்துக் கூடை சுமந்து முதுகு தேய்ந்தவர்கள் நம் வீடுகளில் அதிகம். அவர்களைக் குனிய வைக்காத கம்பே நல்ல கம்பு.

அலகைக் கத்தி மாதிரித் தீட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் அரத்தால் சரிவாகச் சீவினால் போதும். இரண்டு முனைகளையும் கட்டாயம் உருட்டிவிடுங்கள், தரையைக் கிழிப்பது பெரும்பாலும் முனைதான். தள்ளும்போது சீவின பக்கம் தரையைப் பார்த்திருந்தால் அலகு தோண்டாமல் மேலோடும். கரடுமுரடான சீமெந்துக்கு அப்படிப் பிடியுங்கள். வழவழப்பான டைல்ஸில் திருப்பிப் பிடித்தால் ஒட்டிச் சீவும்.

இனி வேலை. தரையில் ஈரம் இருக்கக் கூடாது. சுவரோரத்தில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள், சுரண்டின இடத்தைத் திரும்ப மிதிக்காமல். சொரண்டியைத் தரையோடு படுக்கவைத்த மாதிரி, முப்பது பாகை அளவுக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் தத்தித் தத்திப் போகும், கையும் வலிக்கும். ஒரு முழம் தள்ளியதும் அலகில் சேர்ந்ததைப் பழைய பால்மா டின்னின் விளிம்பில் வழித்துப் போடுங்கள். வழிக்காமல் தள்ளிக்கொண்டே போனால் எடுத்ததைத் திரும்ப ஒட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். அடுப்படி, கல்லுக்கு முன்புறம், எண்ணெய் டின் வைக்கிற மூலை, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போகிற வழி, இந்த நாலு இடம்தான் உண்மையில் சுரண்ட வேண்டியவை. மற்ற இடங்களைச் சும்மா கூட்டினால் போதும்.

டின்னில் சேர்ந்ததைக் கானில், அதாவது கழிவுநீர் வடிகாலில், கொட்டாதீர்கள். கான் தண்ணீர் தரையைவிடக் குளிர். கொழுப்பு அங்கே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், பெருமழை பெய்கிற அன்றைக்குத்தான் அது தெரியவரும். நான் அதை மரத்தூளில் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக வைத்து, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த விறகு பற்றாமல் சதி செய்யும்போது அடியில் ஒன்று போடுவேன், உடனே பிடித்துக்கொள்ளும். குவியலாகச் சேர்த்து மட்டும் வைக்கக் கூடாது. எண்ணெய் ஊறின மரத்தூளும் துணியும் மூட்டையாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கடைக்கு வெளியே, மூடியுள்ள தகர டின்னில், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்.

இரவு வேலைக்கு வாஷிங் சோடா போதும். அப்பச்சோடா இல்லை, அது பலம் காணாது. ஐந்து லீற்றர் சுடுதண்ணீருக்கு நூறு கிராம் அளவு. கை பொறுக்காத சூடு வேண்டும், கொதிக்க வேண்டாம், குளிர்ந்த டைல்ஸ் வெடிக்கும். வாளியோடு கவிழ்க்காமல் ஒரு பாய் அகலத்துக்குக் கோப்பையால் ஊற்றி, உடனே தேய்த்து, உடனே றப்பர் வைப்பரால் தள்ளிவிட்டு அடுத்த பாய்க்குப் போங்கள். முழுத் தரைக்கும் ஊற்றிவிட்டுத் தேய்க்கத் தொடங்கினால் பாதி வழியிலேயே ஆறி, கரைந்த எண்ணெய் திரும்பவும் படிந்துவிடும். சோடா எண்ணெயோடு சேர்ந்து கொஞ்சத்தைச் சவர்க்காரமாகவே மாற்றுகிறது. சவர்க்காரத் தூள் போடாமலே நுரை வருவது அதனால்தான். அம்மா காலத்தில் மிலாறு, அதாவது வெட்டிக் காய்ந்த தேயிலைக் கிளை, அந்த விறகுச் சாம்பலும் தேங்காய் மட்டையும்தான். சாம்பலில் இருப்பதும் அதே இனத்துக் காரம். இப்போதும் சோடா தீர்ந்த அன்றைக்கு அடுப்புச் சாம்பலைச் சலித்துப் போடுகிறேன், வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காரம் தோலை வெடிக்க வைக்கும். காலுக்குக் கம்பூட்ஸ். சிலிப்பரோடு சோடாத் தண்ணீரில் நிற்பவரை நான் சமையல்கட்டுக்குள் விடுவதில்லை.

பிரஷ் தும்பு அல்லது நைலோன். கம்பி பிரஷ் சீக்கிரம் தேய்க்கும், ஆனால் அதன் கம்பி உடைந்து தெறிக்கும். சாப்பாடு செய்கிற இடத்தில் அது யாருடைய பிளேட்டில் போய் விழும் என்று சொல்ல முடியாது.

வீட்டுத் தரைக்கு ஒரு வார்த்தை. சிவப்புச் சீமெந்தில் பொலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பீர்கள். சோடாத் தண்ணீர் அந்தப் பொலிஷையும் சேர்த்துத்தான் எடுக்கும். அங்கே மரத்தூளைத் தூவி, ஊறவிட்டுக் கூட்டி, மிச்சத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுத் துடைத்தால் போதும்.

டொய்லட் கழுவுகிற அசிட்டைத் தரையில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பொங்குகிறதே, அழுக்கு போகிறது என்று நினைக்கிறார்கள். பொங்குவது சீமெந்து. மேல் பூச்சு அரித்துப்போய்த் தரை சொரசொரப்பாகும், அடுத்த வாரம் இரண்டு மடங்கு எண்ணெய் பிடிக்கும். அசிட்டையும் குளோரினையும் ஒன்றாகக் கலந்தால் கிளம்புகிற புகை மூச்சுக்குழாயைச் சுட்டுவிடும். மழைக்காக ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கிற நம் ஊர்ச் சமையல்கட்டில் அது உயிர் போகிற விஷயம். கோஸ்டிக் சோடாவையும் தவிருங்கள். எண்ணெயை எடுக்கும், உண்மை. கண்ணில் ஒரு துளி தெறித்தால் கண்ணையும் எடுக்கும், அலுமினியச் சட்டியில் பட்டால் சட்டியையும் தின்னும்.

வாசல் தனிக் கதை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். நல்லதண்ணிப் பாதையில் இரவு முழுக்கச் சனம். வடைச்சட்டி கடைக்கு வெளியே, வாசலில்தான். சட்டியிலிருந்து தெறிக்கிறது, பேப்பரிலிருந்து சொட்டுகிறது, பனி அதை உறைய வைக்கிறது. கைத்தடியோடு வருகிற ஆச்சிமார் கால் வைப்பது அதன்மேல். நம் ஊரில் சமதரையில் கடை கிடையாது, மேல்கடை எண்ணெய் கீழ்க்கடை வாசலுக்குத்தான் போகும். "அண்ணே, ஒங்க வட எண்ணெ எங்க வாசல்ல வந்து நிக்குது" என்று கீழ்க்கடை அக்கா குரல் கொடுத்தால் பதில் சொல்ல முடியாது. அதனால் வடைச்சட்டி போடுகிற நாளில் சட்டியைச் சுற்றி நெல் உமியோ மரத்தூளோ ஒரு விரல் தடிப்புக்குப் போட்டுவிடுகிறேன். நனைந்ததும் கூட்டி அள்ளிப் புதிது போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் சாக்கு விரிக்கலாம், ஆனால் எண்ணெய் குடித்த சாக்கே வழுக்கும், அடிக்கடி மாற்றுகிற பொறுமை வேண்டும்.

வெளித்தரையில் எண்ணெயோடு பாசியும் இருக்கும். முதலில் எண்ணெய், பிறகு பாசி. எண்ணெய்ப் படலத்துக்கு மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் அது பாசிவரைக்கும் இறங்காது. சுரண்டி, சோடாத் தண்ணீரால் தேய்த்து, நன்றாக அலசி விட்டு, மழை இல்லாத ஒரு நாளில் பிளீச்சிங்கைக் கரைத்து ஊற்றி, கால் மணித்தியாலம் விட்டுத் தேய்க்கலாம். படிக்கட்டில் மேற்படியில் தொடங்கிக் கீழே வாருங்கள். படியின் விளிம்பைச் சொரண்டியின் முனையால் குடையாமல் குறுக்காகச் சீவ வேண்டும், விளிம்பு உடைந்தால் அதுவே அடுத்த வழுக்கல்.

ஆட்டோ நிற்கிற இடத்துக் கறுப்பு எண்ணெய் வேறு சாதி. அது நிலத்துக்கு அடியிலிருந்து வந்த எண்ணெய், சோடாவும் சாம்பலும் அதைச் சவர்க்காரமாக்காது, குளிரிலும் உறையாது. மரத்தூளைப் போட்டுக் காலால் தேய்த்து ஊறவிட்டு அள்ளுங்கள். மிச்சக் கறைக்குப் பாத்திரம் கழுவுகிற திரவச் சவர்க்காரத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தும்பு பிரஷால் தேய்த்து, பிறகு சுடுதண்ணீர். மண்ணெண்ணெய் ஊற்றினால் கறை இளகும், ஆனால் வாசலில் வடை அடுப்பு எரிகிற இடத்தில் அதை யோசிக்கவே கூடாது.

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தால் தரையைத்தான் பார்ப்பார் என்று பயந்து, கழுவின தண்ணீரை எல்லாம் அவசரமாகக் கானில் தள்ளுவது நம் வழக்கம். இங்கே கானில் போவது மஸ்கெலி ஓயாவுக்கும் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து களனி கங்கைக்கும் போகிறது. அம்பத்தலையில் அந்தக் கங்கையிலிருந்துதான் கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பாதிப்பேர் வேலை பார்ப்பதும் அங்கேதான். கான் வாயில் ஒரு கம்பி வலையும், அதற்கு முன்னால் தண்ணீர் கொஞ்சம் தங்கிப் போகிற மாதிரி ஒரு சின்னத் தொட்டியும் கட்டுங்கள். இரவில் தள்ளின தண்ணீரில் உள்ள கொழுப்பு விடியும்போது மேலே வெள்ளையாக மிதந்து உறைந்திருக்கும், சின்னச் சொரண்டியால் அப்படியே வழித்து எடுத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் சொரண்டியை நனைந்தபடி மூலையில் சாய்த்து வைத்தால் இந்தப் பனிக்கு அடுத்த நாளே துரு ஏறும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, அலகு சுவரைப் பார்க்க ஆணியில் மாட்டுங்கள். போல்ட் இரண்டையும் வாரத்துக்கு ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், கொய்யாக் கம்பு காயக் காயச் சுருங்கி அலகு ஆடத் தொடங்கும்.