சீமை அத்தி: குச்சி நட்டு சீக்கிரம் காய் பறிக்க

சீமை அத்தியை விதையில் வளர்க்க வேண்டாம். பல ஆண்டு காத்திருந்தும் நல்ல பழம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. நன்றாகக் காய்க்கும் மரத்தில், இலை உதிர்ந்து ஓய்வில் இருக்கும்போது, பென்சில் பருமனில் 15 முதல் 20 செ.மீ. குச்சி வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் கசியும். அது பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் புண்ணாகிவிடும், கையுறை அவசியம். பால் காய ஒரு நாள் நிழலில் வைத்து, ஒன்றிரண்டு கணு மட்டும் வெளியே தெரிய மணல் கலந்த மண்ணில் நடுங்கள்.

பலரும் ஏமாறுவது அடுத்த கட்டத்தில்தான். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்திலேயே இரண்டு இலை விரிந்துவிடும், ஆனால் வேர் விட்டிருக்காது. பிடித்துவிட்டது என்று தண்ணீரை ஊற்றினால் அடி அழுகும். மண் லேசான ஈரமாக இருந்தால் போதும். பிடுங்கிப் பார்க்கவே கூடாது! வேர் பிடிக்க ஒன்று, இரண்டு மாதம் ஆகும்.

சீக்கிரம் காய்க்க, பெரிய தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருப்பதே நல்லது. தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் இலைதான் மிஞ்சும். முழு வெயில் வேண்டும். புதுக் கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். இலைக்காம்பின் இடுக்கில் மிளகு அளவில் பச்சையாக உருண்டு நிற்பதுதான் காய். சில செடிகளில் இரண்டாம் ஆண்டிலேயே அதைப் பார்க்கலாம்.