இலவச டிவி சேனல் தொடங்குகிறீர்களா? நம் கொங்குப் பக்கத்தில் கணக்கு தப்பும் இடங்கள்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தியவர்களில் பலர் இப்போது ஒரே யோசனையில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் டிவி வந்துவிட்டது, கேபிள் இணைப்பைத் துண்டிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் சந்தா எதுவும் வாங்காமல், விளம்பரத்தை மட்டும் நம்பி ஓடும் ஸ்ட்ரீமிங் சேனலாக மாறிவிடலாம் என்று பார்க்கிறார்கள். யோசனை தப்பில்லை. சாம்சங் டிவியோடு வரும் இலவச சேனல் சேவையான சாம்சங் டிவி பிளஸ் 2021இல் இந்தியாவுக்கு வந்தது. இலவசமாகப் படம் காட்டும் எம்எக்ஸ் பிளேயர் 2024இல் அமேசான் கைக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் வேவ்ஸ் என்ற தளத்தைத் தொடங்கியது. ஓசியில் பார்க்க ஆள் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். கேபிள் காலத்துக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே போடும்போதுதான் கை சுடுகிறது.

முதல் தவறு, பார்ப்பவர் எண்ணிக்கையை வளர்ச்சி என்று நினைப்பது. கேபிளில் ஒயர் இழுத்தாகிவிட்டால் ஆயிரம் வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் சேனல்காரருக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக டேட்டா இழுக்கிறது, சொந்த ஆப் என்றால் அதற்கான பில் உங்களுக்கு வரும். சுமாரான தெளிவில், நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 0.9 ஜிபி ஆகும். ஒரு பேச்சுக்கு, தினமும் 1,000 பேர் ஆளுக்கு 2 மணி நேரம் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மாதத்துக்கு 60,000 மணி நேரம், 54,000 ஜிபி. ஜிபிக்கு ஒரு ரூபாய் என்று போட்டால் செலவு 54,000 ரூபாய்.

இப்போது வரவைப் பார்ப்போம். மணிக்கு 8 நிமிட விளம்பரம் என்றால் 30 நொடி ஸ்லாட், அதாவது விளம்பர இடம், 16. மாதம் மொத்தம் 9.6 லட்சம் ஸ்லாட். ஆயிரம் முறை காட்டினால் 60 ரூபாய் என்ற விலையில் எல்லாமே விற்றுப்போனால் 57,600 ரூபாய் வரும். ஏதோ பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் விற்காது. 30 சதவீதம்தான் நிரம்பியது என்றால் கையில் வருவது 17,280 ரூபாய். டேட்டா விலையும் விளம்பர விலையும் ஆளுக்கு ஆள் மாறும், இவை நான் போட்ட உதாரண எண்கள். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. இந்த நிலையில் பார்ப்பவர்கள் இரண்டு மடங்கானால் நஷ்டமும் இரண்டு மடங்காகும். விற்காத ஸ்லாட் என்பது நூல் கோக்காமல் ஓடும் தறி மாதிரி, கரண்ட் மீட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்லாட்டில் எத்தனை சதவீதம் நிரம்பியது என்பதைத் தொழிலில் ஃபில் ரேட் என்பார்கள். சேனல் நடத்துபவர் காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டிய எண் அதுதான். டவுன்லோடு எண்ணிக்கையை ஃபிளெக்ஸ் பேனரில் போட்டுக்கொள்ளலாம், வேறு பயன் இல்லை.

விளம்பரத்தை வைத்து இலவசமாக ஓடும் அமெரிக்காவின் டூபியை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும், ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். 2014இல் தொடங்கிய சேவை அது. 2020இல் ஃபாக்ஸ் நிறுவனம் 44 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியை இலவசமாகக் காட்டும் அளவுக்கு வளர்ந்தது. லாபம் என்று சொல்லக்கூடிய காலாண்டு வந்ததும் அந்த 2025இல்தான். அத்தனை பெரிய கம்பெனி பின்னால் நின்றும் இத்தனை வருடம். நடுவில் டூபி செய்த முக்கியமான காரியம், மற்றவர்கள் கண்டுகொள்ளாத பழைய படங்களையும் தொடர்களையும் மலிவாக வாங்கிக் குவித்தது. பெரிய விலை கொடுத்துப் புதுப்படம் வாங்கித் திறப்பு விழா நடத்தவில்லை.

அந்த ஆசை நம்மவர்களுக்கு உண்டு. ஐபிஎல் டிஜிட்டல் உரிமைக்கு 2023 முதல் 2027 வரை சுமார் 23,758 கோடி ரூபாய் கொடுத்த வயாகாம்18 நிறுவனம், 2023இல் தன் ஜியோசினிமா தளத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் காட்டியது. கூட்டம் அலைமோதியது. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாருடன் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, கொஞ்ச நேரம் இலவசம், அப்புறம் சந்தா என்று ஆகிவிட்டது. அவர்களாலேயே விளம்பரத்தை மட்டும் வைத்து ஓட்ட முடியவில்லை. நாம் ஒரு புதுப்படத்துக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

சரி, பழைய படம் போடலாம் என்றால் அங்கே உரிமைச் சிக்கல். கேபிளில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பாட்டும் படமும் ஓட்டிய பழக்கம் ஸ்ட்ரீமிங்கில் ஒரு வாரம் தாங்காது, யூடியூப் போன்ற தளங்களின் தானியங்கிச் சோதனையிலேயே மாட்டும். சாட்டிலைட் உரிமை வைத்திருப்பவரிடம் டிஜிட்டல் உரிமை இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. டிஜிட்டலிலும் சந்தா முறைக்கு ஒருவர், விளம்பர முறைக்கு இன்னொருவர் என்று பிரிந்து கிடக்கும். 'நெகட்டிவ் எங்ககிட்டதானுங்க இருக்கு' என்று சொல்பவரிடம் காகிதம் கேளுங்கள். திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அதைத் தாண்டிய படம் என்றால் அள்ளிப்போடலாம் என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு, அது எழுதியவர் இறந்து 60 வருடம் வரை நிற்கும்.

இவ்வளவு தலைவலிக்கு, நம் பக்கத்து நிகழ்ச்சிகளே மேல். பண்ணாரி குண்டம், அந்தியூர் குதிரைச் சந்தை, கண்ணபுரம் மாட்டுச்சந்தை, வள்ளி கும்மி அரங்கேற்றம், உடுக்கடியோடு விடிய விடிய நடக்கும் அண்ணன்மார் கதை. இதையெல்லாம் பெரிய தளங்கள் எடுக்கப்போவதில்லை. நீங்கள் எடுத்தால் முழு உரிமையும் உங்களுடையது. ஆனால் கேமராக்காரர், கும்மி ஆசிரியர், கதை பாடுபவர் எல்லாரிடமும் படப்பிடிப்பு அன்றே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால், வீடியோ நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

விளம்பர இடைவேளை வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான சிறு சேனல்கள் 12 நிமிடத்துக்கு ஒருமுறை என்று கடிகாரத்தை வைத்து விளம்பரக் குறி போட்டுவிடுகின்றன. உடுக்கைச் சத்தம் ஏறி, பாட்டுக்காரர் மூச்சைப் பிடித்து அடுத்த அடிக்குப் போகும் நேரத்தில் பம்ப்செட் விளம்பரம் வந்து விழுகிறது, அதுவும் இரண்டு மடங்கு சத்தத்தில். கிழவர் ரிமோட்டைத் தேடுகிறார், வேறு சேனலுக்குப் போகிறார், அவ்வளவுதான். சில நேரம் விளம்பரமே கிடைக்காமல் 'விரைவில் திரும்புவோம்' என்ற பலகை இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். பார்ப்பவர் டிவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். பாட்டு முடியும் இடம், கதை மாறும் இடம் பார்த்துக் கையால் குறி வையுங்கள். விற்காத ஸ்லாட்டில் உங்கள் அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டம் ஓடட்டும். ஒரே விளம்பரம் ஒரு வீட்டில் மணிக்கு இரண்டு முறைக்கு மேல் வராமல் வரம்பு போடுங்கள், பெரும்பாலான விளம்பர மென்பொருள்களில் அந்த வசதி இருக்கும்.

உள்ளூர் விளம்பரதாரரைக் கையாள்வதில் நடக்கும் கூத்து தனி. ஜவுளிக்கடைக்காரர் கடையில் உட்கார்ந்து உங்கள் சேனலைப் போட்டுப் பார்ப்பார். சாயந்திரம் போன் வரும்: 'ஏனுங்க, காசு வாங்கிட்டீங்க, நம்ம கடை வெளம்பரம் ஒரு தடவைகூட வரலீங்களே?' அவர் மேல் தப்பில்லை. கேபிளில் ஒரே விளம்பரம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வரும். இங்கே ஒவ்வொரு டிவிக்கும் வேறு வேறு விளம்பரம் போகும். அவருடையது கோபியில் ஐந்நூறு வீட்டில் ஓடியிருக்கும், அவர் முன்னால் வேறு யாருடையதோ ஓடியிருக்கும். பணம் வாங்கும் முன்பே இதை விளக்கிவிட்டு, வாரா வாரம் எந்த ஊரில் எத்தனை முறை முழுதாக ஓடியது என்ற பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். ஊர் வாரியாகப் பிரித்து விற்பதுதான் உங்கள் பலம். பல்லடத்துக் கோழித்தீவனக் கடைக்குச் சென்னைப் பார்வையாளரால் என்ன லாபம்? மாதம் இவ்வளவு என்று, கேபிளில் திரைக்கு அடியில் ஓடிய பழைய ஸ்க்ரோலிங் விளம்பர விலைக்கு மொத்தமாக விற்றுவிட்டால் அந்தப் பலம் போய்விடும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஒரு விலை, மார்கழிக்கு ஒரு விலை என்று வைக்கக் கூச்சப்பட வேண்டாம்.

நேரம் போடுவதிலும் ஊரைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு சேர ஒன்பது ஆகிவிடும். ஏழு மணிக்கு உங்கள் நல்ல நிகழ்ச்சியை வைத்தால் பார்க்க வீட்டில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள்.

தொடக்கத்திலேயே சொந்த ஆப் கட்ட லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள். டிவி கம்பெனிகளின் இலவச சேனல் வரிசையிலோ யூடியூபிலோ முதலில் ஓட்டிப் பாருங்கள். அதற்காக ஒரே தளத்தை நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. அமெரிக்காவில் பிரைம் வீடியோவிலேயே 2024இல் விளம்பரம் வந்துவிட்டதால், அமேசான் தன் இலவச ஸ்ட்ரீமிங் சேவையான ஃப்ரீவீயை 2025இல் மூடிவிட்டது. அமேசானே தன் சேவையை மூடும்போது நம் சேனல் எந்த மூலை? ஒப்பந்தத்தில் வருமானப் பங்கு சதவீதத்தை மட்டும் பார்க்காமல், வேறு தளத்தில் ஓட்டக்கூடாது என்று கேட்கிறார்களா, தளம் மூடினாலோ சேனலை நீக்கினாலோ எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், பாக்கிப் பணம் எப்போது வரும் என்பதையும் படியுங்கள்.

சொந்தத் தளம் என்று வந்துவிட்டால் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளும் சேர்ந்து வரும். நிகழ்ச்சிகளுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட வேண்டும், புகார் வாங்க ஓர் அலுவலரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். சந்தையில் மாடு முட்டுவதும் கோயில் விழாவில் கிடா வெட்டுவதும் எந்த வகையில் வரும் என்பதை ஒளிபரப்புக்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.