ஈடிபஸ் நாடகம்: கலைச்சொல்லையும் பாத்திரத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ சுமார் 1,530 வரிதான். தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த தீப்ஸ் நகர மன்னனின் கதை இது. முதல் தடவை பென்சிலைத் தொடாமல் ஒரே மூச்சில் படித்து முடியுங்கள். வரி எண் போட்ட மொழிபெயர்ப்பாகப் பார்த்து எடுங்கள். எண் இல்லாத பதிப்பில் குறிப்பெடுத்தால், பிறகு இடத்தைத் தேடியே நேரம் போய்விடும்.

1. பாத்திரப் பட்டியல்

வம்சக் கொடி வரைவதைவிட, ‘மேடைக்கு வரும்போது இவருக்கு என்ன தெரியும்?’ என்று ஆளுக்கொரு வரி எழுதுவது பயன்படும். குருட்டு ஞானி டைரீசியஸுக்கு எல்லாம் தெரியும்; கண்ணுள்ள ஈடிபஸுக்கு எதுவும் தெரியாது. தூதர்கள் இருவர். ஒருவன் கொரிந்திலிருந்து வருகிறவன், மற்றவன் அரண்மனைக்குள் நடந்ததைச் சொல்ல வருகிறவன். வெறுமனே ‘தூதன்’ என்று எழுதிவைத்தால் பரீட்சையில் குழம்பும். குழந்தை ஈடிபஸைக் கொரிந்துக்காரனிடம் கொடுத்த இடையனும், ஈடிபஸின் தந்தை லாயஸின் கொலையில் உயிர்தப்பியவனும் ஒரே ஆள் என்பதையும் குறித்துவையுங்கள்.

(பேசும் பாத்திரங்கள் எட்டு, நடிகர்கள் மூன்றே பேர். முகமூடி மாற்றி நடித்தார்கள்.)

2. எளிய சொற்கள்

நாடக முரண்: லாயஸைக் கொன்றவனை ஈடிபஸ் சபிக்கிறான், அது தன்மேலேயே விழுவது பார்வையாளருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கோரஸ்: தீப்ஸ் நகர முதியவர்கள். இவை இரண்டுக்கும் இவ்வளவு போதும்.

3. தடுக்கும் இடம்

பெரிபெட்டியா என்றால் தலைகீழ்த் திருப்பம். அனக்னோரிசிஸ் என்றால் அறியாமையிலிருந்து அறிவுக்கு வருவது. இந்த நாடகத்தில் இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் மாற்றி எழுதிவிடுகிறார்கள். பிரிக்க இரண்டு கேள்விகள் போதும்.

‘வந்தவன் எதற்கு வந்தான், என்ன ஆயிற்று?’ 924-ஆம் வரியில் கொரிந்துத் தூதன் வருகிறான். ஈடிபஸை வளர்த்த கொரிந்து மன்னன் பாலிபஸ் இறந்த செய்தியைச் சொல்லி, தாயை மணக்க நேருமோ என்ற ஈடிபஸின் பயத்தைப் போக்கப் பார்க்கிறான். ‘நீ பாலிபஸின் மகனே இல்லை’ என்று அவன் சொன்னதும் காரியம் கெட்டுப்போகிறது. இது பெரிபெட்டியா. அரிஸ்டாட்டிலே எடுத்துக்காட்டும் இடம் இது.

‘யாருக்கு எப்போது தெரிந்தது?’ ஈடிபஸின் மனைவியும் தாயுமான ஜொகாஸ்டாவுக்கு முதலில் புரிந்துவிடுகிறது. விசாரிக்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு உள்ளே போகிறாள். ‘என் பிறப்பு தாழ்ந்ததென்று இவள் வெட்கப்படுகிறாள்’ என்று ஈடிபஸ் எண்ணுகிறான். இடையன் வாய் திறந்த பிறகே அவனுக்குத் தெரிகிறது. ஆக, அறிதல் இரண்டு தடவை நிகழ்கிறது. விடையில் இரண்டையும் எழுதுங்கள்.

4. ஹமார்ஷியா

நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமான பிழைதான் ஹமார்ஷியா. அதை ‘கர்வம்’ என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். கிரேக்கத்தில் ஹமார்ஷியா என்றால் ‘குறி தவறுதல்’. முன்கோபம் ஈடிபஸின் குணம். முச்சந்தியில் யாரென்று தெரியாமல் தந்தையைக் கொன்றது பிழை. இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு தொடர்புபடுத்துங்கள்.

5. அட்டை வேண்டாம், நோட்டு போதும்

சொல், வரி எண், பேசுபவர், கேட்பவர் என நான்கு பத்தி போடுங்கள். விளக்கத்துக்கென்று ஐந்தாவது பத்தி போட்டால் கை அதைத்தான் மனப்பாடம் செய்யத் தேடும். ‘கேட்பவர்’ பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாடக முரண் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.