ஜெர்மனியில் காலி வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு

வேலைக்கோ படிக்கவோ ஜெர்மனிக்கு வந்து, முதல் சில மாதம் ஹாஸ்டலிலோ சாமான்களோடு கூடிய அறையிலோ இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு வாடகை வீடு பிடித்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் பல வீடுகளில் உள்ளே ஒன்றுமே இருக்காது. கட்டிலும் பீரோவும் இல்லாதது நம் ஊரிலும் உண்டு. இங்கே சமையல் மேடையும் இருக்காது, சிங்க்கும் இருக்காது, கூரையில் பல்பு மாட்ட ஹோல்டர்கூட இல்லாமல் மூன்று ஒயர் மட்டும் தொங்கும். முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையையே கழற்றிக்கொண்டு போயிருப்பார். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, இங்கே வழக்கமே அதுதான், அதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டை எப்படி அமைப்பது என்பதும் பிடிபட்டுவிடும்: நீங்கள் வாங்குகிற, மாட்டுகிற, விரிக்கிற எல்லாமே ஒருநாள் கழன்று, படியிறங்கி, அடுத்த வீட்டுக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும். சுவர் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

வீடு தேடும்போதே விளம்பரத்தில் ஈபேகா (EBK) என்று மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சமையலறை உண்டு. இல்லாவிட்டால், பழைய குடித்தனக்காரர் தன் சமையலறையை உங்களிடம் விற்றுவிட்டுப் போக விரும்பலாம். இதற்கு அப்லோஸெ என்று பெயர். அடுப்பு, ஃபிரிட்ஜ், அலமாரி எல்லாம் அந்த இடத்துக்கென்றே அளந்து வைத்தது என்பதால் நியாயமான விலை என்றால் வாங்கிவிடுவதுதான் நல்லது, புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்துவது பெரிய செலவு, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் என்னென்ன தருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அடுப்பின் ஒவ்வொரு தட்டையும் போட்டுப் பாருங்கள், ஃபிரிட்ஜ் ரப்பரைத் தடவிப் பாருங்கள்.

சாவி தரும் அன்று வீட்டுக்காரரோ அவருடைய ஆளோ ஒரு ப்ரோட்டோகால் எழுதுவார்கள். எந்தச் சுவரில் கீறல், எந்த ஜன்னல் சரியாக மூடவில்லை, மீட்டரில் என்ன எண் என்று எல்லாம் அதில் வர வேண்டும். கூச்சப்படாமல் ஒவ்வொரு அறையாக நின்று போட்டோ எடுங்கள். அட்வான்ஸாகச் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், ஹீட்டிங் போன்ற செலவுகள் அந்தக் கணக்கில் வராது, அதை மூன்று தவணையாகக் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்பி வருவது இந்த ஒரு தாளையும் போட்டோக்களையும் நம்பித்தான். சுவருக்கு உங்களுக்குப் பிடித்த வண்ணம் அடிக்கலாம், குடியிருக்கும்வரை அது உங்கள் விருப்பம். ஆனால் வெள்ளையாக வாங்கிய வீட்டை அடர் சிவப்பும் நீலமுமாகத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி வெள்ளையடிக்கும் செலவை உங்களிடம் வாங்கலாம் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் நிறத்தைச் சுவரில் தேடாமல் துணியிலும் விளக்கிலும் தேடுங்கள்.

முதல் வாரம் மூன்றே மூன்று விஷயம் போதும்: படுக்கை, வெளிச்சம், அடுப்பு. சோபா, டிவி மேஜை, கண்ணாடி அலமாரி எல்லாம் அப்புறம். எந்த ஜன்னலில் காலை வெயில் வருகிறது, எந்த மூலை குளிருகிறது, நீங்கள் உண்மையில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் ஒரு மாதம் குடியிருந்தால்தான் தெரியும்.

படுக்கையிலிருந்து தொடங்குவோம். இங்கே கட்டில், அதன் மேல் வைக்கும் மரப்பட்டைச் சட்டம், மெத்தை மூன்றும் தனித்தனி விலை. கட்டில் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று நினைக்காதீர்கள். ஒருவருக்கு 90 அல்லது 140 செ.மீ. அகலம், இருவருக்கு 160 அல்லது 180, நீளம் பொதுவாக 200. கட்டில் பழையதாக வாங்கலாம், மெத்தையை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் விரட்டுவது மிகவும் கஷ்டம். தரையில் மெத்தை போட்டுப் படுத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குளிர்காலத்தில் தரை சில்லென்று இருக்கும், உடம்புச் சூட்டின் ஈரம் மெத்தைக்கு அடியில் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். தரையில்தான் படுப்பேன் என்றால் தினமும் காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வையுங்கள்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. டிசம்பரில் பெர்லினில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வந்து பார்க்கிற வீடு முழுக்க விளக்கு வெளிச்சத்து வீடுதான், அது நன்றாக இல்லாவிட்டால் மனசும் நன்றாக இருக்காது. நம் ஊர் டியூப்லைட் வெள்ளை இங்கே அந்த இருட்டில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பல்பு அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும். கூரை நடுவில் ஒன்று என்று வைப்பதைவிட மூலைக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள் இரண்டு மூன்று வையுங்கள், பிளக்கில் சொருகினால் போதும், காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம். கூரை ஒயரில் நீங்களே விளக்கு மாட்டுவதானால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸ் பெட்டியில் அந்த அறைக்கான ஃபியூஸை இறக்கிவிட்டு, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். மஞ்சள்-பச்சை எர்த், நீலம் நியூட்ரல், பழுப்போ கறுப்போ லைவ். பழைய கட்டடங்களில் இந்த நிறத்தை நம்ப முடியாது, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுப்பு விஷயத்தில் ஒரு கண்டிப்பான வார்த்தை: நாலு தட்டுள்ள மின்சார அடுப்பு சாதாரண பிளக்கில் வேலை செய்யாது, பெரும்பாலும் 400 வோல்ட் மூன்று ஃபேஸ் இணைப்பில்தான் வரும், அதை எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும். அதுவரை சாதாரண பிளக்கில் போடும் இரண்டு தட்டு இண்டக்‌ஷன் அடுப்பு போதும். ஊரிலிருந்து பாத்திரம் கொண்டு வருகிறவர்கள் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் ஆகாது, அடி தட்டையாக இருக்கிற இரும்புத் தோசைக்கல் அருமையாக வேலை செய்யும், அந்த ஒன்றுக்காகப் பெட்டியில் இடம் ஒதுக்கலாம். மிக்சி, கிரைண்டர் இரண்டும் இங்கேயும் ஓடும், இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு, அதற்குத் தரமான அடாப்டர் வாங்குங்கள்.

இனி சாமான் வாங்குவது. பழைய பொருள் வாங்குவதில் இங்கே யாருக்கும் வெட்கம் கிடையாது, டாக்டரும் வாங்குவார், மாணவரும் வாங்குவார். க்ளைன்அன்சைகன் என்ற இணையதளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாம் கிடைக்கும், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று போட்டிருப்பதும் நிறைய இருக்கும். விலைக்குப் பக்கத்தில் ஃபாவ்பே (VB) என்று இரண்டு எழுத்து இருந்தால் பேரம் பேசலாம் என்று அர்த்தம். மாதக் கடைசியில் தேடுங்கள், வீடு காலி செய்கிறவர்கள் எப்படியாவது கொடுத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், நீங்கள் எதையாவது விற்கும்போது, பணத்தைப் பெற்றுக்கொள்ள இந்த லிங்க்கைத் தட்டுங்கள் என்று எவராவது அனுப்பினால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். வாங்கப் போகும்முன் உங்கள் படிக்கட்டுத் திருப்பத்தையும் கதவு அகலத்தையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு மூன்று பேர் உட்காரும் சோபா ஏறாமல் போகலாம்.

தனி ஆளாக மாட்டிக் கழற்றுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவு அலமாரிகள் முதல்முறை மாட்டும்போது உறுதியாக இருக்கும், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுவேன் என்று தெரிந்தால், முழு மரத்தில் செய்த பழைய அலமாரி ஒன்றைத் தேடி வாங்குவது கடையில் மினுங்கும் புதிய பலகையைவிட எவ்வளவோ மேல். தளர்ந்த ஓட்டையில் பசை தடவிய பல்குச்சி இரண்டைத் திணித்து, வெட்டி விட்டு, காய்ந்த பிறகு ஸ்க்ரூ போட்டால் மறுபடி பிடிக்கும். ஐக்கியாவில் வாங்கியதென்றால் தொலைந்த ஸ்க்ரூக்களைக் கேட்டுப் பெறலாம்.

சுவரில் துளை போட அனுமதி உண்டு, வீட்டில் வாழ்வதற்குத் தேவையான அளவுக்கு. ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினை எடுக்காதீர்கள், இரவு பத்து மணிக்கு மேலும் வேண்டாம், பக்கத்து வீட்டாரோடு உறவு கெடுவதற்கு அது ஒன்றே போதும். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே ஒருபோதும் துளைக்காதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். கான்கிரீட்டா, செங்கல்லா, ஜிப்சம் அட்டைச் சுவரா என்பதைப் பொறுத்து டூபல் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) மாறும், பவுமார்க்ட் என்ற கட்டுமானச் சாமான் கடையில் எந்தச் சுவர், எவ்வளவு கனம் என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். திரைச்சீலைக்குத் துளை தேவையே இல்லை, ஜன்னல் சட்டத்தில் கவ்விக்கொள்கிற திரைகள் கிடைக்கின்றன. ஹீட்டர் பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கும், திரை அதை மூடக்கூடாது, சோபாவை அதை ஒட்டிப் போடவும் கூடாது, வெப்பம் எல்லாம் துணிக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

ஈரத்துக்கு வருவோம், ஜெர்மன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நம் சமையல் ஆவி நிறைந்தது, இட்லி, சோறு, ரசம் என்று கொதித்துக்கொண்டே இருக்கும், துணியும் வீட்டுக்குள்தான் காயும். அந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படிந்து கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். தினமும் இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் விட்டு மூடுங்கள், நாள் முழுக்க ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் கொஞ்சமாகச் சாய்த்து வைப்பதால் சுவர் குளிருமே தவிர ஈரம் சரியாகப் போகாது. பீரோவை வெளிச்சுவரில் ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள். குளியலறையில் பெரும்பாலும் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது, வாளியும் மக்குமாகக் கழுவி விட்டால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்விடும். லேமினேட் தரையும் தண்ணீர் பட்டால் உப்பிவிடும், கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள். நம்மால் மற்றவர்களுக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்ற இன்சூரன்ஸை உடனே எடுத்துவிடுங்கள், வாடகை வீட்டுக்கு நேரும் சேதமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

இதெல்லாம் முடிந்தால் வீடு குடியிருக்கத் தயார், ஆனால் இன்னும் நம் வீடு மாதிரி இருக்காது. அதற்கு நான் நம்புவது ஊர்த் துணிகளைத்தான். பவானி ஜமுக்காளம் ஒன்றைத் தரையில் விரித்தால் கூடம் முழுக்க முகம் மாறும், சாம்பல் நிற லேமினேட்டில் அந்தச் சிவப்பும் பச்சையும் அவ்வளவு எடுப்பாக இருக்கும், விருந்தாளி வந்தால் எல்லோரும் கீழே உட்கார்ந்து சாப்பிடலாம், நாற்காலிக் கணக்கே வேண்டாம். பத்தமடைப் பாய் சுருட்டினால் பெட்டியில் அடங்கிவிடும். அம்மாவின் பழைய கைத்தறிப் புடவையைத் திரையாகப் போடுங்கள், அதன் வழியாக வரும் சாயங்கால வெயில் எந்தக் கடைத் திரையிலும் வராது.

சாமிக்கு ஒரு சின்னப் பலகை போதும், சுவரில் இரண்டு துளை. விளக்கேற்றும் இடத்துக்கு மேலே திரையோ மர அலமாரியோ இருக்கக்கூடாது. படுக்கையறையிலும் வெளியே போகும் நடையிலும் புகை எச்சரிக்கைக் கருவி மாட்டியிருப்பார்கள், அது சட்டம், சாம்பிராணி போடும்போது அதற்குத் தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், கருவியைக் கழற்றி வைக்காதீர்கள். வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைக்கும் முன் அந்தக் கட்டடத்தின் விதியைப் படியுங்கள், படிக்கட்டு தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்பதால் பல இடங்களில் எதையும் வைக்க விட மாட்டார்கள். கறிவேப்பிலைச் செடி வைக்கலாம், தெற்கு பார்த்த ஜன்னலில் நன்றாகவே வளரும், பால்கனியில் வைத்திருந்தால் உறைபனி வரும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

குடிபோன அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே பெரும்பாலும் முகவரியில் வீட்டு எண் என்று ஒன்று இருக்காது, கட்டடத்தின் எண் மட்டும்தான், தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். வங்கி அட்டை, விசா அலுவலகக் கடிதம், இன்சூரன்ஸ் எல்லாம் தபாலில்தான் வரும், பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிய குடியிருப்புச் சான்றோடு இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ஊருக்கு ஊர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமாகும், அதனால் கட்டில் ஆர்டர் போடும் முன்பே அதற்குப் பதிந்துவிடுங்கள்.