தேர்தல் நேரத்தில் கொங்குப் பக்கம் வருகிறவர்களுக்கு: ரொக்கமும் ரசீதும்

தேர்தல் தேதி அறிவித்த பிறகு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் இறங்கி திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் என்று எந்தப் பக்கம் போனாலும், அந்த இரண்டு மாதமும் சாலையில் சோதனைக்கு நிற்கிறவர்களுக்கு நீங்கள் ஒறம்பரை (விருந்தாளி) இல்லை. வாடகைக் காரில் பணம் கொண்டுபோக வாய்ப்புள்ள ஆள், அவ்வளவுதான். பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பணத்தை எப்படி வைப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

ஓட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டே இல்லை. அலமாரியில் பழைய வாக்காளர் அட்டை இருக்கிறது என்று நம்பி வராதீர்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஊரில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர் என்ற கணக்கில்தான் பெரும்பகுதி போனது. நாம் அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள்தானே. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? டிக்கெட்டுக்கு முன் பட்டியலைப் பாருங்கள்.

கட்சிக் கூட்டங்களுக்கு வேடிக்கை பார்க்கக்கூடப் போக வேண்டாம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் 41 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். குழந்தைகளோடு வந்திருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

இனி பணம்.

நம்மவர்கள் ஏன் ரொக்கத்தோடு திரிகிறார்கள்? கேட்கிறவர்கள் ரொக்கமாகக் கேட்கிறார்கள். “பேங்குல போட்டுறாத கண்ணு, கையிலயே கொண்டாந்துரு” என்று மாமாவோ சித்தப்பாவோ போனில் சொன்னால், அது பழைய காலத்துப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் ஆர்டர் நின்றது. அந்த அடி பெரிய ஏற்றுமதிக் கம்பெனியோடு நிற்கவில்லை. பத்து பவர் டேபிள் (தையல் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர் வரை இறங்கியது. அவருக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலிப் பிரச்சினை ஓயாத பிரச்சினை. வங்கியில் அவர்கள் கணக்கு கடன் கணக்காக இருக்கும்; தவணை நிலுவையில் இருந்தால் நீங்கள் அனுப்பும் பணத்தை வங்கி அதிலேயே வரவு வைத்துக்கொள்ளும். கல்யாணச் செலவுக்கு அனுப்பியது வட்டிக்குப் போய்விடும். ரொக்கம் கேட்பதன் காரணம் இதுதான். வெளியே சொல்ல அவர்களுக்குக் கூச்சம், கேட்க நமக்குக் கூச்சம்.

இதற்கு வழி எளிது. கடனோடு தொடர்பில்லாத சேமிப்புக் கணக்கு ஒன்று அந்த வீட்டில் யாருக்காவது இருக்கும். பெரும்பாலும் பெண்கள் பெயரில். அதில் போடுங்கள். மண்டபம், சமையல்காரர், நகைக்கடை என்று நேராக அவரவர் கணக்குக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. வரி பற்றி ஒரு குறிப்பு: உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு வாங்குகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை. அத்தை, மாமா, சித்தப்பாவும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வாங்கியவருக்கு வரி. அவர் கல்யாணத்துக்கே கொடுத்தால் விலக்கு உண்டு. நிலத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால் அந்தப் பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் ரொக்கம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், கீழே உள்ளதை நிதானமாகப் படியுங்கள்.

தேர்தல் நேரத்தில் பணம் பிடிக்கும் பறக்கும் படை என்றால் ஒரு அதிகாரி, சில போலீஸ்காரர்கள், ஒரு வீடியோகாரர். நிலைக் கண்காணிப்புக் குழு ஒரே இடத்தில் தடுப்பு வைத்து நிற்கும். வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம் போன்ற கேரள எல்லைகளிலும், பண்ணாரி வழியிலும், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை ஒட்டியும் பார்க்கலாம். வரம்பு 50,000 ரூபாய். தேர்தல் ஆணையத்தின் நெறிமுறையை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் அந்த வரம்பு வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் போகும் வண்டிக்கு. சாலையில் அந்த வித்தியாசமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு வருகிற கேரள வியாபாரியும் ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு வருகிறவரும் தேர்தலுக்குத் தேர்தல் இதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். தடுப்பில் நின்று சட்டம் பேசிப் பயனில்லை. கையில் காகிதம் இருக்க வேண்டும்.

500 ரூபாய்க் கட்டு ஒன்று, நூறு தாள், சரியாக 50,000. இரண்டாவது கட்டு வந்ததும் வரம்பு தாண்டிவிடும். கட்டின்மேல் வங்கி சுற்றிய தாள் பட்டையில் முத்திரையும் தேதியும் இருக்கும், அதைக் கிழிக்காதீர்கள். எண்ணிப் பார்க்கிறேன் என்று பட்டையைப் பிரித்து ரப்பர் பேண்ட் போடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பட்டையோடு இருக்கும் பணம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று அதுவே சொல்லும்.

அவர்கள் பார்ப்பது மூன்று: நீங்கள் யார், பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போகிறது. முதலாவதற்கு அசல் பாஸ்போர்ட். இரண்டாவதற்கு வங்கியில் எடுத்த பதிவு. போனில் வந்த குறுஞ்செய்தி போதாது, கிளையில் முத்திரை போட்ட கணக்கு விவரமோ பதிவு போட்ட பாஸ்புக்கோ வேண்டும். டாலர், சிங்கப்பூர் மலேசிய வெள்ளி என்று மாற்றினால் உரிமம் பெற்ற கடையில் மாற்றி, முத்திரையோடு சான்று வாங்குங்கள். அரை ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெரிந்தவரிடம் மாற்றிய பணத்துக்கு ஊர் உலகத்தில் எந்தச் சான்றும் இல்லை. வெளிநாட்டுத் தாளாக 5,000 டாலருக்கு மேல், அல்லது பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே அறிவிப்புப் படிவம் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவமும் இங்கே உதவும். மூன்றாவதற்குக் கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரி மதிப்பீட்டுச் சீட்டு, கிரய ஒப்பந்தம் என்று ஏதாவது ஒன்று. பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர் இன்னொரு தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீட்டி முழக்கி இருக்கும். வங்கியில் இனிஷியலோடு சுருங்கி இருக்கும். பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று இரவு பத்து மணிக்குத் தடுப்பில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வங்கி விவரத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள்.

பணத்தை நான்கு பேர் பையில் பிரித்து வைப்பது, சீட்டுக்கு அடியில் செருகுவது இரண்டும் வேண்டாம். எடுத்த பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

பறிமுதல் செய்தே தீருவார்கள் என்றால் வாக்குவாதத்தை விட்டுவிட்டு ரசீதைக் கவனியுங்கள். உங்கள் கண் முன்னால், வீடியோ ஓடும்போது எண்ணச் சொல்லுங்கள். ரசீதில் தொகை, எந்தத் தாள் எத்தனை, இடம், நேரம், குழுவின் எண், அதிகாரி கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. மங்கலான கார்பன் பிரதியைக் கொடுத்தால் அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பணம் கருவூலத்துக்குப் போகும். திரும்ப வாங்க ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. மாவட்டக் கருவூல அலுவலரும் தேர்தல் செலவினப் பிரிவின் பொறுப்பு அலுவலரும் அதில் இருப்பார்கள். வக்கீல் தேவையில்லை. கட்சிக்காரர் சிபாரிசு வேண்டவே வேண்டாம்; வந்தால் உள்ள பணமும் சிக்கலாகும். ஒரே பக்கத்தில் தமிழில் மனு: பிடித்த தேதி, நேரம், இடம், ரசீது எண், தொகை, வந்த வழி, போகும் வழி. பின்னால் நகல்கள், கையில் அசல். மனுவைக் கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். உள்ளூர் போன் எண் ஒன்று எழுதுங்கள். வெளிநாட்டு எண்ணுக்கு எந்த ஆபீஸிலிருந்தும் கூப்பிடமாட்டார்கள்.

எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்பதில்தான் பழைய ஆட்கள் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது காங்கயமும் தாராபுரமும் ஈரோடு மாவட்டம். பல்லடமும் உடுமலையும் அவினாசியும் கோவை. 2009-லிருந்து எல்லாம் திருப்பூர் மாவட்டம். நாடாளுமன்றத் தேர்தலில் குழப்பம் இன்னும் மோசம்: காங்கயம், தாராபுரம் சட்டமன்றத் தொகுதிகள் ஈரோடு நாடாளுமன்றத் தொகுதியில் வரும், பெருந்துறை, கோபி, பவானி, அந்தியூர் திருப்பூர் தொகுதியில் வரும். பணத்தைப் பிடித்த இடம் எந்த மாவட்டமோ அந்தக் கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். தடுப்பில் நிற்கிறவர் “ஈரோட்டுல போய்ப் பாருங்க” என்று சொன்னாலும் ரசீதில் எழுதியிருக்கும் மாவட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

புகாரோ முதல் தகவல் அறிக்கையோ பதிவாகாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது ஆணையத்தின் உத்தரவு. 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித்துறையும் உள்ளே வரும். ஏழு நாள் என்பது ஊரில் இருக்கிறவருக்குத்தான் ஆறுதல். லீவு முடிகிறவர்கள், விமானம் ஏறும் முன்பே நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் எழுதி, பாஸ்போர்ட்டில் உள்ள அதே கையெழுத்தைப் போட்டு, குழுவிடம் நேரில் காட்டிவிட்டுப் போங்கள். ‘நீ போ, நான் வாங்கி வைக்கிறேன்’ என்கிற உறவினரிடம் கடிதம் இல்லாவிட்டால் கல்யாணமும் முடிந்துவிடும், பணம் கருவூலத்திலேயே கிடக்கும். பந்தியில் உட்கார்ந்தவர்கள் ‘வெளிநாட்டுக்காரன் வெறுங்கையோட வந்தான்’ என்றுதான் பேசுவார்கள். அதற்கு எந்தக் குழுவிடமும் மனு கொடுக்க முடியாது.

2016 மே மாதம் திருப்பூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. பாரத ஸ்டேட் வங்கி அது தன் பணம், கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்றது. விவகாரம் சிபிஐ வரை போனது. அதே தேர்தலில் பணப் பட்டுவாடாவுக்காக அரவக்குறிச்சியில் வாக்குப்பதிவே தள்ளிப்போனது. இந்தப் பக்கத்துத் தடுப்புகளில் கொஞ்சம் விறைப்பு தெரிந்தால் இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று போன்ற வேலைகளை இந்த மாதங்களில் தொடங்கவே வேண்டாம். தாசில்தார்தான் பல இடங்களில் உதவித் தேர்தல் அலுவலர். விஏஓவும் ஆர்ஐயும் தேர்தல் பணியில் இருப்பார்கள். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ‘தோட்டத்த அடுத்தவன் வாங்கறதுக்கு நீயே வாங்கிக்கயேன்’ என்று பங்காளி கேட்டால் மனசு கரையும். வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐக்காரரும் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், திரும்பி வராது என்று வைத்துக் கொடுங்கள்.

கடைசியாக, விளையாட்டு. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில். 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்று நாடு கேட்கிறது. ஊரில் ஓடுகிற, தாண்டுகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் பாராலிம்பிக் பதக்கம் வாங்கியவர்; சின்னப்பம்பட்டி நடராஜன் தன் ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் கட்டியிருக்கிறார். அதனால் ஊர் டீமுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றும். தேர்தல் நேரத்தில் செய்யாதீர்கள். கபடிப் போட்டிக்கு நீங்கள் கொடுக்கும் கோப்பையை மேடையில் வழங்க ஒரு கட்சிக்காரர் வந்துவிடுவார். அதோடு அது வாக்காளருக்குக் கொடுத்த பரிசுப் பொருள் ஆகிவிடும். திருப்பூரில் ஜெர்சி அடித்து மூட்டையாக ஏற்றிப்போனாலும் அதே சந்தேகம்தான். ஜிஎஸ்டி பில் கூடவே இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு என்றால் இ-வே பில்லும் வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் ஷூ கொண்டுவருவதில் சிக்கல் இல்லை. முன்கூட்டியே கால் அளவை சென்டிமீட்டரில் கேளுங்கள். எந்த ஓட்டம், எந்தத் தாண்டல் என்றும் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகம் வேறு.

வாக்குப்பதிவோடு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2021-ல் ஏப்ரல் 6 ஓட்டு, மே 2 எண்ணிக்கை. 2024-ல் ஏப்ரல் 19-க்கும் ஜூன் 4-க்கும் இடையே ஒன்றரை மாதம். நடத்தை விதிகள் அதுவரை இருக்கும். எண்ணும் நாளிலும், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மதுக்கடை கிடையாது. கோவையில் கடந்த தேர்தல்களில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில்தான் எண்ணினார்கள்; அன்றைக்குத் தடாகம் ரோட்டில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து விமான நிலையம் போகிறவர்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.