‘கண்டக்டிவ்’ என்னும் சொல்லைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பத்தையோ மின்சாரத்தையோ தன் வழியே எளிதில் செல்லவிடும் பொருளை ஆங்கிலத்தில் ‘கண்டக்டிவ்’ என்னும் பெயரடையால் குறிக்கிறார்கள். இச்சொல்லைக் கையாள்வதில் நேரும் தவறுகளுள் பெரியது, அப்பொருள் எதைக் கடத்துகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதே. செம்பு, வெள்ளி, அலுமினியம் ஆகியவை இரண்டையும் நன்றாகக் கடத்துவதால், ஒன்றைக் கடத்துவது மற்றதையும் கடத்தத்தான் செய்யும் என்ற எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே வேரூன்றிவிடுகிறது. உலோகங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. அவற்றில் இரண்டையும் சுமந்து செல்பவை கட்டற்ற எலக்ட்ரான்களே. ஆனால் வைரம் செம்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மின்சாரத்தையோ பொதுவாகக் கடத்தாது. அதில் வெப்பத்தைக் கொண்டுசெல்பவை அணுக்களின் அதிர்வுகளே. ஆகவே ‘தெர்மலி கண்டக்டிவ்’, ‘எலெக்ட்ரிகலி கண்டக்டிவ்’ என்று பிரித்து எழுதுவதே முறை. தமிழில் ‘வெப்பங்கடத்தும்’, ‘மின்கடத்தும்’ என்று எழுதினால் குழப்பமே எழாது.

இந்த வேறுபாடு பட்டறையில் நேரடியாகப் பயன்படுகிறது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பவர் டிரான்சிஸ்டருக்கும், அதன் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்குக்கும் நடுவே, மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய மைக்கா தகட்டை வைத்து, இருபுறமும் வெப்பங்கடத்தும் வெள்ளை பேஸ்ட் தடவியிருப்பார்கள். டிரான்சிஸ்டரின் உலோக உடல் பெரும்பாலும் மின்னிணைப்பிலேயே இருப்பதால், வெப்பம் ஹீட் சிங்க்குக்குப் போக வேண்டும், மின்சாரம் போகக் கூடாது. பேஸ்ட் ‘கண்டக்டிவ்’ என்று மட்டும் படித்துவிட்டு, மின்சாரத்தையும் கடத்தும் வகையை வாங்கிக் கண்டபடி பூசினால் ஷார்ட் ஆகக்கூடும்.

அளவைச் சொல்லாமல் விடுவதும் தவறே. 25 டிகிரி செல்சியஸில் மிகத் தூய நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்தலை அளக்கும் அலகு) மட்டுமே. குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகள் அதைப் பல ஆயிரம் மடங்கு உயர்த்திவிடுகின்றன. எனவே ‘நீர் கண்டக்டிவ்’ என்ற வாக்கியம் எந்த நீர் என்று கூறாதவரை அரைகுறையே. ஆயினும் வீட்டில் புழங்கும் எந்த நீரையும் மின்கடத்தும் நீராகவே கருதிக் கையாள வேண்டும்.

எழுத்தில் ஒத்திருக்கும் ‘கண்டியூசிவ்’ வேறு சொல். அது ‘ஏதுவான’ என்று பொருள்படும். படிப்புக்கு ஏதுவான சூழலைக் ‘கண்டக்டிவ்’ என்று எழுதுவது பிழை.

காது மருத்துவத்திலோ இச்சொல் ஒலியைச் சார்ந்தது. காது பரிசோதனை அறிக்கையில் ‘கண்டக்டிவ் ஹியரிங் லாஸ்’ என்றிருந்தால், நரம்பு பழுதாகிவிட்டது என்று அஞ்சுவோர் உண்டு. காதழுக்கு, நடுச்செவியில் தேங்கிய நீர் போன்ற ஏதோ ஒன்று உட்செவிக்கு ஒலி செல்லும் வழியைத் தடுக்கிறது என்பதே அதன் பொருள். இவற்றுள் பல சிகிச்சையால் சரியாகக்கூடியவை.