வெள்ளத்தில் சிக்கிய இணைய நண்பரைத் தொடர்புகொள்வது எப்படி? படிப்படியாக ஒரு விளக்கம்

ஒரு டிஸ்கார்ட் குழுவிலோ டெலிகிராம் குழுவிலோ ஆண்டுக்கணக்கில் பழகிய ஒருவரின் ஊரில் வெள்ளம். குழுவில் எல்லாரும் "பத்திரமா இருக்கியா?" என்று கேட்கிறார்கள், பதில் இல்லை. மீட்புக் கட்டுப்பாட்டு அறையை அழைக்கலாம் என்றால் என்ன சொல்லி அழைப்பது? அவருடைய இயற்பெயரும் தெருவும் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. புனைபெயரை வைத்துப் படகு அனுப்ப முடியாது.

தூரத்தில் இருப்பவரால் உண்மையில் நிறையவே உதவ முடியும். அவரிடம் மின்சாரம் இருக்கிறது, நெட் இருக்கிறது, உட்கார்ந்து பத்து இடத்துக்கு போன் போட நேரமும் இருக்கிறது. ஆனால் கீழே உள்ள முதல் இரண்டு படிகளையும் தண்ணீர் வருவதற்கு முன்பே முடித்திருந்தால்தான் அந்த உதவி போய்ச் சேரும். மழை எச்சரிக்கை வந்தவுடன் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை.

படி 1: ஒருவருக்கு ஒருவர்

வெள்ளப் பகுதியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வெளியே இருக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் தூங்கும் நேரத்துக்கு மாற்றாள் ஒருவர். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர் மாற்றாளாகக் கிடைத்தால் மிக நல்லது. இங்கே நள்ளிரவு என்றால் அவருக்குப் பகல்.

மற்றவர்கள் நேரடியாகக் கேட்கக் கூடாது, பொறுப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அன்போடு வரும் முப்பது அழைப்புகள் ஒரு போனின் சார்ஜை மாலைக்குள் தீர்த்துவிடும்.

படி 2: விவரச் சீட்டு

பொறுப்பாளரிடம் மட்டும் தனிச்செய்தியில் இருக்க வேண்டியவை: இயற்பெயர், நாட்டுக் குறியீட்டோடு போன் எண், முழு முகவரி, எந்த மாடி, வீட்டில் எத்தனை பேர், அதில் முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி யாராவது உண்டா, டயாலிசிஸ், ஆக்ஸிஜன், இன்சுலின் போன்ற விட முடியாத மருத்துவம் உண்டா. அதோடு பக்கத்து வீட்டிலோ அதே ஊரின் மேட்டுப் பகுதியிலோ இருக்கும் ஒருவரின் எண். இந்த இரண்டாவது எண்தான் பல நேரம் கைகொடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

முகவரி தர விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். பெண்கள் பலர் இணையத்தில் வீட்டு முகவரியைத் தராமல் இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அவர்கள் நம்பும் ஓர் உறவினரின் எண்ணை மட்டும் வாங்கி, "நீங்கள் பதில் சொல்லாவிட்டால் இவரை அழைக்கலாமா?" என்று கேட்டு ஒப்புதல் பெற்றால் போதும்.

இன்னொன்று, ஓர் அடையாளக் கேள்வி பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ள நேரத்தில் வேறு யாரோ கணக்கைக் கைப்பற்றி "அவசரம், பணம் அனுப்பு" என்று எழுதுவது நடக்கும். பழைய அரட்டையைப் புரட்டினால் கிடைக்காத பதிலாக இருக்கட்டும்.

கட்டுப்பாட்டு அறை எண்ணையும் இப்போதே தேடி வையுங்கள். 112 போன்ற குறுகிய எண்ணை நீங்கள் உங்கள் ஊரிலிருந்து அழுத்தினால் உங்கள் பகுதி அவசர மையத்துக்குத்தான் போகும். கட்டணமில்லா எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாது. அந்த மாவட்டத்தின் முழு நீள எண், நாட்டுக் குறியீட்டோடு வேண்டும்.

படி 3: பேசும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 9 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம். எல்லா நேரமும் வெள்ளப் பகுதியின் நேரப்படியே. உங்கள் ஊர் நேரத்தை இதில் கலக்காதீர்கள்.

இடைப்பட்ட நேரத்தில் அவர் போனை ஃபிளைட் மோடில் வைக்கட்டும். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது போன் டவரைத் தேடித் தேடி முழு வலுவில் அலை அனுப்பும். திரையைத் தொடாமலே சார்ஜ் இறங்கும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதிய பவர் பேங்க் 5,000 பேட்டரி உள்ள போனை இரண்டு முறை நிரப்பாது, மின்னழுத்தம் மாறும்போது இழப்பு உண்டு. ஒன்றேகால் முறை என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இல்லை.

ஃபிளைட் மோடில் ஒரு குறை: அரசு அனுப்பும் அவசர எச்சரிக்கையும் வராது. அணை திறப்பு அறிவிப்பு எதிர்பார்க்கும் பகுதி என்றால் ஃபிளைட் மோடு வேண்டாம், டேட்டாவை மட்டும் அணைத்தால் போதும். வீட்டில் பேட்டரி ரேடியோ இருந்தால் கவலை பாதி குறையும். எஃப்.எம். உள்ள போன்களில் வயர் ஹெட்போனைச் செருகினால்தான் பாட்டோ செய்தியோ கேட்கும், அந்த வயர்தான் ஆன்டெனா.

படி 4: எஸ்.எம்.எஸ். (பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்)

டவர் நெரிசலில் பேச்சு இணைப்பு கிடைக்காது, டேட்டா சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்.எம்.எஸ். மட்டும் பெரும்பாலும் நுழைந்துவிடும். அது மிகச் சிறியது, கிடைத்த இடைவெளியில் போகும், அந்தப் பக்கம் போன் அணைந்திருந்தால் மையத்தில் காத்திருந்து பிறகு சேரும். ஆகவே எந்தச் செயலியும் இதற்கு ஈடில்லை என்பேன்.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 இடம். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஸ்மைலியோ நுழைந்தால் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி 70 இடமாகச் சுருங்கும். தமிழில் மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் குறிக்கும் தனித்தனி இடம் போகும். "வெள்ளம்" என்ற நான்கெழுத்துச் சொல்லே 7 இடத்தைப் பிடிக்கிறது. நீண்டால் செய்தி பல துண்டாக உடைந்து போகும், ஒரு துண்டு வழியில் நின்றால் முழுச் செய்தியும் ஒழுங்காக வந்து சேராது. அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், ஒரு துண்டுக்குள் முடியுங்கள். வெள்ள நேரத்தில் மொழியழகு பார்க்க வேண்டியதில்லை.

எழுத வேண்டிய வரிசையை முன்பே பேசி வைத்தால் எதுவும் விடுபடாது. இப்படி (அனுப்பும்போது ஆங்கில எழுத்தில்):

மாடி 2, பேர் 4, படி 5, ஏறுது, சார்ஜ் 38, மணி 18.10

இதில் "படி 5" என்பதுதான் முக்கியம். "தண்ணி நிறைய வந்துடுச்சு" என்று எழுதினால் வெளியே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. தரையிலிருந்து மேலே ஏறும் மாடிப்படியில் இன்னும் நனையாத படிகள் எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். ஒரு படியின் உயரம் பொதுவாக 15 முதல் 18 செ.மீ. பகல் 12 மணிக்கு 9 படி, மாலை 6 மணிக்கு 5 படி என்றால் 6 மணி நேரத்தில் 4 படி மூழ்கியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் மீதி 5 படிக்கு ஏழரை மணி நேரம், அதாவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் மாடிக்கு வரும். அப்படியென்றால் வெளிச்சம் இருக்கும்போதே உதவி கேட்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட அவருக்கு நேரம் இருக்காது, பொறுப்பாளர் போட வேண்டும்.

நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எஸ்.எம்.எஸ். மூன்று மணி நேரம் தாமதமாகவும் வரலாம். வந்த நேரத்தை எழுதிய நேரம் என்று எடுத்துக்கொண்டால் மேலே போட்ட கணக்கு தவறிவிடும்.

நாடு விட்டு நாடு எஸ்.எம்.எஸ். அனுப்ப முடிகிறதா என்று முன்பே ஒன்று அனுப்பிச் சோதியுங்கள். பலருக்கு அந்த வசதியே திறந்திருக்காது. போகவில்லை என்றால், அதே நாட்டில் வெள்ளமில்லாத ஊரில் இருக்கும் ஒருவரை நடுவில் வையுங்கள்: நீங்கள் அவருக்கு நெட்டில் எழுதுங்கள், அவர் நண்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பட்டும்.

படி 5: இடத்தைக் குறிப்பது

லைவ் லொக்கேஷன் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அது 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்ற கால அளவுகளில்தான் ஓடும், டேட்டாவும் சார்ஜும் இரண்டுமே செலவு. வீட்டில் இருப்பவர் நகரப் போவதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுத்தாக ஒரு முறை அனுப்பினால் போதும். கூகுள் மேப்பில் தன் இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் தெரியும். ஜி.பி.எஸ். நெட் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் முதல் முறை சில நிமிடம் ஆகலாம். ஜன்னலோரமோ மொட்டை மாடியோ தேவை.

தசம எண்ணாக, புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை அனுப்பச் சொல்லுங்கள். 5 இலக்கம் என்றால் சுமார் ஒரு மீட்டர் துல்லியம். 3 இலக்கத்தோடு நிறுத்தினால் 100 மீட்டருக்கு மேல் விலகலாம், வெள்ளத்தில் அது வேறு தெரு. சிலரின் போன் பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்) என்று காட்டும். 12 பாகை 34 கலை என்பது 12.34 அல்ல, 12.567. மாற்றி எழுதினால் 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று சொற்களைப் பெயராகத் தரும் முகவரிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். போனில் சொல்லும்போது ஒரு சொல் தவறாகக் காதில் விழுந்தால் இடமே மாறும். பிளஸ் கோடு (கூகுள் மேப் ஓர் இடத்துக்குக் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) பரவாயில்லை, ஆனால் சுருக்கக் கோடு என்றால் ஊர் பெயரைச் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

ஜி.பி.எஸ். மாடி எண்ணைச் சொல்லாது. கட்டட நிறம், எதிரே கோயிலா தண்ணீர்த் தொட்டியா என்பதையும் எழுதி வையுங்கள். பெயர்ப் பலகைகள் தண்ணீருக்குள் போயிருக்கும்.

வெள்ளம் ஏறத் தொடங்கியவுடனேயே இதை அனுப்பிவிடச் சொல்லுங்கள். மின்சாரம் போனபின் டவர்கள் பேட்டரியில் சில மணி நேரம்தான் ஓடும், அதற்கப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

படி 6: டிக்கையும் பச்சைப் புள்ளியையும் நம்பாதீர்கள்

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் செய்தி உங்களிடமிருந்து கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். இரட்டை டிக் வந்தால் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அது போனுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. இணைக்கப்பட்ட லேப்டாப்புக்குப் போனாலும் இரட்டை டிக் விழும். குழுவில் அனுப்பினால் இன்னும் குழப்பம், எல்லாருக்கும் சேர்ந்தபின்தான் இரண்டாவது டிக் வரும். டிஸ்கார்டின் பச்சைப் புள்ளியும் அப்படியே, அலுவலகத்தில் திறந்து வைத்துவிட்டு வந்த கணினியும் ஒருவரை ஆன்லைனில் காட்டும்.

அவர் கையால் எழுதிய, நேரம் குறித்த செய்தி ஒன்றே கணக்கு.

படி 7: பதில் வராவிட்டால்

குறித்த நேரம் ஒன்று தவறினால் ஒரு எஸ்.எம்.எஸ். மட்டும். பெரும்பாலும் டவரோ சார்ஜோ போயிருக்கும். இரண்டாவதும் தவறினால் ஒரு முறை அழைத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது எண்ணுக்குப் போங்கள். மூன்றாவதும் தவறினால் கட்டுப்பாட்டு அறை.

கடைசிச் செய்தியில் "ஏறுது" என்று இருந்தாலோ, மருத்துவ அவசரம் உள்ள வீடு என்றாலோ இந்தப் பொறுமை கூடாது. முதல் நேரம் தவறியதுமே கட்டுப்பாட்டு அறையை அழையுங்கள்.

அறையில் பேசும்போது முதலில் இடம், பிறகு எத்தனை பேர், மாடி, தண்ணீர் அளவு, நோயாளி விவரம், அங்கே இருப்பவரின் எண், கடைசியாக எப்போது பேசினார். நீங்கள் யார், எப்படிப் பழக்கம் என்பதெல்லாம் கேட்டால் மட்டும். பதிவு எண் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

நண்பரோடு தொடர்பு கிடைத்தால் நீங்கள் சொல்லக் கூடாதது: "எப்படியாவது வெளியே வந்துடு." ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. பல கார்களை மிதக்க வைக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். மேலே ஏறச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சுக்கு நனையாமல் போக முடிந்தால் மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். போனில் சிக்னல் இல்லை என்று காட்டினாலும் அவசர எண்ணை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பல நாடுகளில் அந்த அழைப்பு வேறு நிறுவன டவர் வழியாகவும் போகும்.

பொதுவெளியில் உதவி கேட்டுப் பதிவிட வேண்டிய நிலை வந்தால் தேதி, நேரம் இரண்டும் பதிவுக்குள் இருக்கட்டும். அவரை மீட்டபின் பதிவைத் திருத்தி "மீட்கப்பட்டார்" என்று மேலே எழுதுங்கள், கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லுங்கள். இதைச் செய்யாததால் காலியான வீட்டுக்குப் படகு போகிறது, அதே தெருவில் இன்னொரு வீடு காத்திருக்கிறது. பகிர்ந்தவர்களிடமும் கேட்டு நீக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட்டாகப் பரவியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள்.

படி 8: தண்ணீர் வடிந்தபின்

தினம் ஒரு முறை என்று ஒரு வாரமாவது தொடருங்கள். நனைந்த போனைச் சார்ஜில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சேறு கழுவும் நாட்களில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் விவரச் சீட்டை இருவர் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்ட இரண்டு சந்தேகங்கள்

"எஸ்.எம்.எஸ்.தான் அனுப்பினேன், ஆனாலும் போகவில்லை" என்று எழுதியவர்களுக்கு: நீங்கள் அனுப்பியது எஸ்.எம்.எஸ். இல்லாமல் இருக்கலாம். ஐபோனில் நீல நிறத்தில் போவது ஐமெசேஜ், ஆண்ட்ராய்டில் ஆர்.சி.எஸ். வசதி திறந்திருந்தால் அதுவும் டேட்டாவில்தான் போகும். இரண்டிலும், போகாவிட்டால் எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பு என்ற அமைப்பு இருக்கிறது, அதைத் திறந்து வையுங்கள். வெள்ளப் பகுதியில் இருப்பவர் ஆர்.சி.எஸ்.ஸை முழுதாக அணைத்துவிடுவதே மேல்.

"புளூடூத் செயலிகள் உதவுமா?" பிரையர் போன்றவை டவர் இல்லாமலே அருகருகே உள்ள போன்களுக்கிடையே செய்தி கடத்தும். ஒரே கட்டடத்துக்குள், மாடிக்கு மாடி பேச நல்லது, முன்பே நிறுவி ஒருவரையொருவர் சேர்த்திருக்க வேண்டும். இடையில் செய்தியைக் கடத்தப் போன்கள் இல்லாதபோது வெளியூரில் இருக்கும் உங்களுக்கு அது எட்டாது. அந்தக் கட்டடத்தில் யாருடைய போனுக்குச் சிக்னல் கிடைக்கிறதோ அவர் எல்லா வீட்டு விவரத்தையும் திரட்டி ஒரே எஸ்.எம்.எஸ்.ஸில் உங்களுக்கு அனுப்பலாம்.